என் மேல இருக்கட்டும்

ஆராய்ச்சிக் கப்பல் கடலின் அடியிலிருந்து முதல் கூடைக் கற்களை மேலே தூக்கிய அந்தக் காலையில், வெள்ளாப்புத் தீவின் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த இன்னாசியம்மாள், கையிலிருந்த மண்ணெண்ணெய் கேனைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, முன்னால் நின்ற பர்னபாசின் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி, தன் பூட்டனுக்கும் அவன் பூட்டனுக்கும் ஒரு திருக்கை மீனைப் பங்கு வைத்ததில் வந்த தகராறை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் பேசியது அவள் குரலில்லை. கரகரத்த ஆண்குரல், இப்போது தீவில் யாரும் பேசாத பழைய பேச்சு. பர்னபாசும் விடவில்லை. வால் யாருக்கு, சிறகு யாருக்கு என்று, செத்து மண்ணாய்ப் போன இரண்டு பேருக்காக இவர்கள் இரண்டு பேரும் தொண்டை வற்றக் கத்தினார்கள். கடைசியில் இன்னாசியம்மாளின் வாயிலிருந்து, "சரி, என் மேல இருக்கட்டும்" என்று ஒரு சொல் வந்தது. அதோடு இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி வரிசையில் நின்றார்கள். கடைக்காரர் அடுத்த ஆளின் கார்டை வாங்கிப் பார்த்தார்.

வரிசையில் நின்ற எல்லாருக்கும் என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. யாரோ கப்பல்காரர்களுக்கு ஊமை மடுவைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளாப்புத் தீவை அறியாதவர்களுக்கு ஊமை மடு என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. கரையிலிருந்து சரக்குப் படகில் ஒரு பகலும் ஓர் இரவும் போனால் வருகிற தீவு அது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் தண்ணீர்தான். மாதா கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, எல்லாமே ஒன்றொன்று. இப்படிப்பட்ட ஊரில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு எத்தனை நாள் இருந்துவிட முடியும்? கோபித்துக்கொண்டு போக அடுத்த ஊர் கிடையாது, பேச்சை முறித்துக்கொள்ளலாம் என்றால் தண்ணீருக்கு இரண்டு பேரும் அதே கிணற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் முதன்முதலாக அங்கே குடியேறியவர்கள் காலத்திலேயே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. சண்டை முற்றிப்போனால் சம்பந்தப்பட்ட இருவரும் மேற்குக் கரையில் கையடக்கமான ஒரு கல்லைப் பொறுக்கி, அதை வாயருகே வைத்துக்கொண்டு, மனதில் இருப்பதையெல்லாம் மிச்சம் வைக்காமல் மாறி மாறி அதனிடம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் இருவரில் ஒருவர், யாராவது ஒருவர், "என் மேல இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். பிறகு வள்ளத்தில் ஏறி, தீவுக்குக் கிழக்கே தண்ணீர் கறுத்துக் கிடக்கும் ஊமை மடுவுக்குப் போய், இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக் கல்லைக் கீழே விட வேண்டும். கல் இறங்கினால் சண்டையும் இறங்கிவிடும். சண்டை என்று ஒன்று நடந்தது மட்டும் ஞாபகமிருக்கும். என்ன பேசினோம், யார் மேல் தப்பு, யார் விட்டுக்கொடுத்தது என்பதெல்லாம் இருவருக்கும் சுத்தமாக மறந்துபோகும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். திரும்பி வந்து ஒரே தட்டில் கஞ்சி குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

யார் விட்டுக்கொடுத்தது என்று தெரியாமல் போவதில்தான் அந்த வழக்கத்தின் சௌகரியமே இருந்தது. தெரியாததால், விட்டுக்கொடுத்தது நான்தான் என்று பலரும் மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் வெற்றிலையை மடித்து வாயில் போடும் தோரணையிலேயே அது தெரியும். தன்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்துக்கொள்ளும் மனிதன் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை என்பதால், தீவு நன்றாகவே நடந்துவந்தது.

அப்படி நினைத்துக்கொண்டவர்களில் கயத்தான் ஒரு படி அதிகம். அவனும் அவன் மனைவி சலேத்தும் ஒரே ஒரு கல்தான் இறக்கியிருந்தார்கள், அது தெக்லா போன பிறகு. தெக்லா அவர்களுடைய ஒரே பிள்ளை. இருந்திருந்தால் இப்போது கல்யாண வயது. காய்ச்சல் வந்தது, கண் சொருகியது, கோயில் பக்கத்துப் புன்னை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். இதெல்லாம் கயத்தானுக்கு ஞாபகமிருந்தது. அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் பெரிய சண்டை நடந்ததும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டதும்கூட ஞாபகமிருந்தது. என்ன சண்டை என்பது மட்டும் கல்லோடு போய்விட்டது. அதன்பிறகு சலேத் அவனிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. மீன் குழம்பு வைத்தால் தலையை அவன் தட்டில்தான் வைப்பாள். கடலிலிருந்து அவன் வரும் நேரத்துக்குக் கரையில் நிற்பாள். இன்னொரு பழக்கமும் அவளுக்கு வந்திருந்தது. அடைமழைக் காலத்தில்கூடக் குளிக்க வெந்நீர் வைக்க மாட்டாள். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் நடுங்க வந்து நிற்பாள். "உனக்கென்ன ஆமைத் தோலாட்டி?" என்று கயத்தான் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்துக் கயத்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அவள் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறாள். நான் அதை என் மேல் போட்டுக்கொண்டு அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். காரணம் மறந்துபோனாலும் அவள் உடம்புக்கு அந்த நன்றி மறக்கவில்லை. இப்படி நினைக்கும்போது அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சோறு குழைந்துபோன நாட்களில், "பரவாயில்ல, விடு" என்பான், ஒரு ராஜா மன்னிப்புக் கொடுப்பதைப் போல. ஆனால் செய்த நல்லதை யாருமே அறியாமல் வைத்திருப்பதும் ஒரு கஷ்டம்தானே? வயதாக ஆக அந்த ஆசை அவனை அரிக்கத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு தடவை சலேத் அதைத் தெரிந்துகொண்டால் போதும், தன்னை நிமிர்ந்து பார்த்து, நீங்களா என்று கேட்டால் போதும் என்று தோன்றியது.

வாடைக்காற்று தொடங்கிய சமயத்தில்தான் கப்பல் வந்தது. வெள்ளையும் ஆரஞ்சுமாக, முதுகில் ஒரு பெரிய இரும்புத் தூக்கியோடு, தீவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதிலிருந்து தணிகைவேல் என்ற ஆராய்ச்சியாளர் இறங்கிவந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், கருவாடு என்றால் உயிர். கைபேசியில், காற்றாலையில், மின்சாரக் காரில் எல்லாம் வைக்கிற காந்தத்துக்கு அரிய மண் உலோகங்கள் வேண்டும் என்றும், நிலத்தில் அவை குறைவு என்றும், ஆழ்கடலின் தரையில் உருளைக்கிழங்கு போலக் கறுப்புக் கற்களாக அவை கிடக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். "ஒரு சின்னக் கல்லைச் சுத்தி கடல் கொஞ்சங்கொஞ்சமா பூசிப் பூசி அது வளரும். கட்டைவிரல் அளவு வளர லட்சக்கணக்கான வருஷம் ஆகும்" என்றார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு உபதேசியார் மடுத்தீன் எழுந்தார். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் ஜெபம் சொல்வதும் ஊருக்குப் புத்தி சொல்வதும் உபதேசியார்தான். "கிழக்க ஒரு மடு இருக்குன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது. நாலு நாள் தேடுவாங்க, கிடைக்கலன்னா போயிருவாங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கயத்தானும் ஆட்டினான்.

கப்பல் தேடியது. வடக்கே தேடியது, தெற்கே தேடியது. இரும்புக் கூடை இறங்கி வெறும் சேற்றோடு ஏறியது. கப்பலுக்கு மீனும் இளநீரும் கொண்டுபோய்க் கொடுப்பது கயத்தானின் வேலை. ஒருநாள் அவன் இளநீரை ஏற்றிக்கொண்டிருக்கும்போது தணிகைவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சோர்வாக நின்றார்.

"அடுத்த வாரம் கிளம்புறோம்ணே. இங்க ஒண்ணும் இல்ல போலிருக்கு. உங்க ஊர் கருவாட்டத்தான் மறக்க முடியாது."

கயத்தான் வள்ளத்தில் இறங்கினான். துடுப்பை எடுத்தான். பிறகு கிழக்கே கையை நீட்டினான்.

"அங்கன இறக்கிப் பாத்தியளா?"

அவ்வளவுதான் சொன்னான். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் புரட்டிப்போடுகிற சொல்லை அவன் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டானே என்று நமக்குத்தான் பதறுகிறது. அவனுக்கு அப்போது ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல்தான் இருந்தது.

மறுநாள் காலையில்தான் ரேஷன் கடை வரிசையில் திருக்கை மீன் சண்டை வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது. கூடை மேலே வரும்போதெல்லாம், அதில் கிடக்கும் கற்களுக்குச் சொந்தமானவர்களோ அவர்கள் செத்திருந்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ, எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு, எதிராளியைத் தேடிப் போய்ப் பழைய சண்டையை முழுக்கப் போட்டு முடித்தார்கள். சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதி முகத்தில் சோப்போடு ஓடினான். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிவந்த குழந்தையை மடுத்தீனின் கையில் திணித்துவிட்டு ஒரு தாய், காற்றில் கிழிந்த ஒரு பாயைப் பற்றி, பாய்மரமே இல்லாமல் போன இந்தக் காலத்தில், எதிர்வீட்டுக்காரனோடு வாதாடினாள். வேலி தாண்டிய ஆடு, பெண் கேட்டு வந்து மாறிப்போன சம்பந்தம், இரவல் வாங்கித் திருப்பித் தராத நங்கூரம், யாரோ யாரையோ பார்த்துச் சிரித்த சிரிப்பு, எல்லாம் வரிசையாக ஏறி வந்தன.

ஊர் பதறவில்லை. பதறி என்ன ஆகப்போகிறது? உபதேசியாரும் நாலு பேரும் கப்பலுக்குப் போனார்கள். "ஊர்ல ஏதாவது தொந்தரவா?" என்று தணிகைவேல் உண்மையான அக்கறையோடு கேட்டார். மடுத்தீன் வாயைத் திறந்தார். ஆனால் விஷயத்தைச் சொல்வதென்றால் அந்தச் சண்டைகளைச் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்று அவருடைய சொந்தத் தாத்தா சம்பந்தப்பட்டது, வெளியூர்க்காரரிடம் சொல்லக்கூடியது இல்லை. "கூடை ஏறுறதுக்கு முன்னால சங்கு ஒண்ணு ஊதுனா நல்லாருக்கும்" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதை உடனே ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் தீவுக்காரர்களுக்கு அதுதான் ஆறவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சங்கு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

சங்கு வந்ததும் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. சங்கு ஊதினால் பெண்கள் அடுப்பை அணைத்தார்கள், நாவிதர் கத்தியை மடித்தார், வாத்தியார் பிள்ளைகளை விளையாட விட்டார். சண்டை பிடித்தவர்கள் வெயிலில் நிற்காமல் இருக்கக் கோயில் வாசலில் ஓலைப் பந்தல் போட்டார்கள். தொண்டை காய்ந்தவர்களுக்கு மோர்ப்பானை வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் முக்காலியோடு வந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பூட்டன் காலத்துச் சண்டைக்காக யார் கை நீட்டுவார்கள்?

ஆனால் எல்லாச் சண்டையும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது. "என் மேல இருக்கட்டும்." அதை யார் சொன்னது என்று இப்போது ஊரே கேட்டது. தாங்கள்தான் விட்டுக்கொடுத்தோம் என்று நிமிர்ந்து நடந்த வீடுகளிலிருந்து அந்தச் சொல் வரவேயில்லை. மருமகள்களின் வாயிலிருந்து வந்தது, தம்பிகளின் வாயிலிருந்து வந்தது, வலை இழுக்கக் கூலிக்கு வந்தவர்களின் வாயிலிருந்து வந்தது. மீன் அறுக்கும் இன்னாசியம்மாளின் வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவில் பாதிப் பேருடைய தப்பைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன்பிறகு இன்னாசியம்மாள் தெருவில் வந்தால் மற்றவர்கள் சந்துக்குள் திரும்பிக்கொண்டார்கள். கோபம் வந்திருந்தால்கூட ஊர் தாங்கியிருக்கும், வந்தது வெட்கம். கிணற்றடியில் பேச்சுக் குறைந்தது. பந்தலுக்கு முக்காலி தூக்கி வருகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

பர்னபாசுக்கும் அவன் தம்பி லொயோலாவுக்கும் நடந்த சண்டை ஏறி வந்தபோது கயத்தான் பக்கத்தில்தான் இருந்தான். ஒரே வள்ளத்தை இருவரும் வைத்திருந்த காலத்து விவகாரம் அது. பர்னபாஸ் திடுக்கிட்டு எழுந்து நின்று கத்தினான். லொயோலா வலை பின்னும் ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தன் முறை வரும்போது தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னான். கடைசியில், "என் மேல இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னினான். அழுத்தக்காரன்தான் என்று கயத்தான் நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் கேட்கவில்லை. கப்பலுக்குப் போய்வருகிறவன் ஒருவன்தானே. சலேத் மட்டும் கேட்டாள். கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கதான் கையைக் காட்டுனீங்களா?"

"நான் காட்டலன்னா வேற எவனாவது காட்டியிருப்பான்."

"எதுக்குக் காட்டுனீங்க?"

கயத்தான் ஒரு மீனை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"நம்ம கல்லும் அங்கனதான கெடக்கு" என்றாள் சலேத்.

"கெடந்தா கெடக்கட்டும். வந்தா வரட்டும். நமக்கென்ன பயம்?" என்று சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு முட்டியது. பரிசு ஒன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பவனின் சிரிப்பு. சலேத் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். "வராம இருக்கட்டும்" என்று சொல்லி அடுத்த மீனை எடுத்தாள்.

அது ஒரு மத்தியான நேரத்தில் வந்தது. மழை சற்று விட்டிருந்தது. மணலில் பாய் விரித்து இருவரும் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதியது. யாருடையதோ என்று கயத்தான் நிமிர்ந்தான். அப்போது அவனுடைய வாய் தானாகத் திறந்தது.

"நீதாம்ட்டி கொன்ன!" என்றது அந்த வாய்.

அதைச் சொன்னது தான்தானா என்று அவன் திகைப்பதற்குள் அடுத்தது வந்தது. "காய்ச்சக்காரப் பிள்ளைக்கு எவளாவது வெந்நி வச்சுத் தலைக்கு ஊத்துவாளா? நீ ஊத்துனதுலதான் ஜன்னி கண்டுச்சு. நீதான் கொன்ன."

"சூடு இறங்கட்டும்னுதான் ஊத்துனேன்" என்றாள் சலேத். கருவாட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "வேற என்ன செய்ய? விடியக்காலையில உங்க காலப் பிடிச்சுக் கேட்டேன்லா? பிள்ளை நெருப்பா கொதிக்கி, வள்ளத்தை எடுங்க, கரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்னு கேட்டேன்லா?"

"சூரை மீனு முட்டிக்கிட்டு வருது, இன்னைக்கு விட்டா இனி எப்பம் வரும்? நாளைக்குப் போவோம்னுதான சொன்னேன்? ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சேன்…"

"நீங்க சூரைக்குப் போனீங்க."

"நீ வெந்நி ஊத்துன!"

"வள்ளம் நெறய மீனோட வந்தீங்க. பாட்டுப் பாடிக்கிட்டு வந்தீங்க. நான் கரையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னேன்."

"நீதான் கொன்ன, நீதான் கொன்ன!"

இப்படியே அது போயிற்று. அவன் வாய் அந்த ஒரு சொல்லை விடவே இல்லை. நிறுத்த நினைத்தான், பல்லைக் கடித்தான், கையால் வாயைப் பொத்தினான், விரலிடுக்கு வழியாக அது வந்தது. பக்கத்துக் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அந்தக் காலத்தில் சாத்திக்கொண்டதைப் போலவே. முடிவு நெருங்குகிறது என்று தெரிந்தபோது கயத்தான் கடைசியாக ஒரு நம்பிக்கையோடு தன் நாக்கில் அந்தச் சொல் வருவதற்குக் காத்திருந்தான். இப்போதாவது வரும், நான்தானே சொல்லியிருப்பேன், நான் சொல்லாமல் யார் சொல்லியிருப்பார்கள் என்று காத்திருந்தான்.

"சரி" என்றாள் சலேத். "என் மேல இருக்கட்டும்."

அவன் வாய் மூடிக்கொண்டது. கடல் எப்போதும் போல இரைந்தது. கயத்தானுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. சூரை வந்த அன்று காலையில் சலேத் தன் காலைப் பிடித்ததும், அந்தக் கையை உதறிவிட்டுப் போனதும், வள்ளத்தில் தான் பாடிய பாட்டும் திரும்ப வந்துவிட்டன. இனி அவை போகாது. அப்போதுதான் இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. தனக்குப் பேச்சு தானாக வந்து வாயைத் திறந்தது. அவள் தன் வாயைத் தானே திறந்தாள். அவள் திடுக்கிடவேயில்லை.

"உனக்கு மறக்கவே இல்லியா?" என்று கேட்டான்.

"மேல போட்டுக்கிட்டவங்களுக்கு எப்படி மறக்கும்?"

"ரெண்டு பேருக்கும் மறந்துரும்னுதான ஊர்ல எல்லாரும் சொல்லுதாங்க?"

"மறந்தவங்க சொல்லுதாங்க."

"லொயோலாவுக்கு?"

"லொயோலாவுக்கும் தெரியும், இன்னாசியம்மாளுக்கும் தெரியும். போட்டுக்கிட்ட எல்லாருக்கும் தெரியும்."

"பின்ன இத்தனை வருசமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

சலேத் குனிந்து கருவாட்டை எடுத்தாள். "சொல்லிட்டா அப்புறம் அது எப்படி என் மேல இருக்கும்?" என்றாள். மழைத் தூறல் தொடங்கியதால் இருவரும் பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்கள்.

மறுநாள் கயத்தான் கப்பலுக்குப் போனான். நேற்று மத்தியானம் எடுத்த கூடையிலிருந்து ஒரு கல் வேண்டும் என்று கேட்டான். அதைக் கொண்டுவந்து, திரும்பவும் முதலிலிருந்து பேசி, இந்தத் தடவை என் மேல இருக்கட்டும் என்று தான் சொல்லி இறக்கிவிடுவது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தான். அப்படிச் செய்தால் அவளுக்கு மறந்துவிடும், தனக்கு மட்டும் இருக்கும். அது நியாயம்தான் என்று பட்டது.

தணிகைவேல் அவனை உள்ளே கூட்டிப்போனார். மேசை மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் மாவு போலக் கறுப்புப் பொடி. "எல்லாத்தையும் அரைச்சாச்சேண்ணே" என்றார் வருத்தத்தோடு. "அரைச்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். இந்த மடுக் கல்லு மாதிரி உலகத்துல எங்கயுமே பார்த்ததில்ல. அத்தனை அடர்த்தி. எப்படி இவ்வளவு சீக்கிரம் வளர்ந்துச்சுன்னே புரியல. நாங்க நாளைக்குக் கிளம்புறோம். அடுத்த வருஷம் பெரிய கப்பலா வரும்." அவர் கை கொடுத்தார். கயத்தான் குப்பிகளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்தான். எந்தக் குப்பியில் தெக்லா இருக்கிறாள் என்று கேட்க முடியவில்லை.

திரும்பி வந்து சலேத்திடம், "வேற கல்லு எடுத்து மறுபடியும் பேசி இறக்குவோம், வாறியா?" என்று கேட்டான்.

"ஒருதரம் பேசுனது போதும்" என்றாள் அவள். "என்னால ஏலாது."

கப்பல் போன அன்று, மழையோடு மழையாக, கயத்தான் தனியாகவே வள்ளத்தைத் தள்ளினான். மேற்குக் கரையில் ஒரு கல்லைப் பொறுக்கி மடியில் வைத்திருந்தான். ஊமை மடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு, அவள் சொன்னதையும் தான் சொன்னதையும், இரண்டு பேருடைய பேச்சையும், ஒரு சொல் விடாமல் அந்தக் கல்லிடம் சொன்னான். சூரையைச் சொன்னான், பாட்டைச் சொன்னான். கடைசியில், இத்தனை வருஷமாகத் தான் சொன்னதாகவே நினைத்திருந்த சொல்லை முதல்முறையாகச் சொன்னான். "என் மேல இருக்கட்டும்." சொல்லும்போது அழுதான். கல்லை விட்டான். அது சாதாரணமாக ஒரு கல் இறங்குவதைப் போல இறங்கியது. இருவர் பிடித்து விட வேண்டிய கல்லை ஒருவன் விட்டால் ஆகுமா ஆகாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆக வேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டான்.

சாயங்காலம் நனைந்து வெடவெடத்து வந்தபோது சலேத் கரையில் நின்றாள். வள்ளத்தை இழுத்துப்போட ஒரு கை கொடுத்தாள். வீட்டுக்கு வந்து குழம்பைக் கிளறத் தொடங்கினாள். கயத்தான் வாசற்படியிலேயே நின்றான்.

"இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"எது?"

"நம்ம சண்டை."

"எந்தச் சண்டை?" சலேத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கல்லு இறக்குனோம், போச்சு. என்ன பேசுனோம்னு ஆருக்கு ஞாபகம் இருக்கு? மழையில போயி நனைஞ்சுட்டு வந்து என்னத்தையோ கேக்கீங்க."

கயத்தான் சந்தோஷத்தில் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். இறங்கிவிட்டது, அவளிடமிருந்து போய்விட்டது, இனி நான் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். உடம்பு மட்டும் நடுங்குவதை விடவில்லை. சோதித்துப் பார்க்க அவன் கேட்கவில்லை. குளிரில் வாய் கேட்டுவிட்டது.

"ஏட்டி, கொஞ்சம் வெந்நி வையேன். தலைக்கு ஊத்திக்கிடுதேன்."

சலேத் சரி என்றாள். தவலையை எடுத்தாள். குடத்திலிருந்து தண்ணீரைச் சாய்த்து நிரப்பினாள். காலியாக இருந்த பக்கத்து அடுப்பில் அதைத் தூக்கி வைத்தாள். விறகை எடுத்து உள்ளே தள்ளக் குனிந்தவள், அப்படியே நின்றாள். அவள் முதுகுதான் அவனுக்குத் தெரிந்தது. பிறகு விறகைக் கீழே வைத்துவிட்டு, தவலையை இறக்கி, தண்ணீரைத் திரும்பவும் குடத்தில் ஊற்றினாள்.

"விறகெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள், திரும்பாமல். "பச்சத் தண்ணியிலயே குளிச்சுட்டு வாங்க. சோறு எடுத்து வைக்கேன்."

அதே விறகில் இந்த அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் அவன்தான் அந்த விறகைப் பிளந்து அடுக்கியிருந்தான். கயத்தான் அதைப் பார்த்தான். அவள் முதுகையும் பார்த்தான்.

"சரிட்டி" என்றான்.

துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், வாளியிலிருந்து மொண்டு மொண்டு தலைக்கு ஊற்றினான். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. மீன் தலை வழக்கம்போல அவன் தட்டில்தான் இருக்கும்.